இரண்டு லேயர் காணும்

“மூளை உள்ளவனுக்கு ரெண்டு லேயர் காணும், தாராளம். நாலு லேயர் போடுறதெல்லாம் யோசிக்கப் பஞ்சிப்படுறவங்கட வேலை” என்று கிண்ணியாவில், தாஹிர் மாமா வீட்டு விறாந்தையில், றிஸ்கான் அறிவித்தான். உலகத்து மின்சுற்றுப் பலகைகள் எல்லாம் இந்த அறிவிப்புக்காகவே இவ்வளவு காலமும் காத்துக்கிடந்தன என்பது அவனுடைய தாழ்மையான அபிப்பிராயம்.

மீன்பிடி வள்ளம் நிற்கும் இடத்தைக் கரையிலுள்ள போனுக்குச் சொல்லும் கருவிதான் அவனுடைய இறுதியாண்டுச் செயற்றிட்டம். அதே வகுப்பில் படிக்கும் மாமா மகள் பஹ்மியா அதன் பலகை வரைபடத்தை எட்டிப் பார்த்தாள். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டே லேயர், இரண்டே செப்புப் படை. அவற்றில் மின்பாதைகள் பெருநாளைக்கு முதல்நாள் கடைத்தெருவைப் போல நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

“நடுவுல இன்னும் ரெண்டு லேயர் வை மச்சான். ஒண்டை ஒரு கோடும் கீறாம முழுத் தகடா விட்டிரு. இல்லாட்டி பவர் பக்கத்து இரைச்சல் ஜீபிஎஸ்ஸக் குழப்பும்.”

“ஒரு லேயர் முழுக்கச் சும்மா கிடக்கவா? வளவு வாங்கி வேலி மட்டும் அடைக்கிற வேலை!”

இரண்டு படையோடு பலகை சீனாவிலிருந்து வந்தது. மாமாவின் வள்ளத்தில் பூட்டினார்கள். விடியப்புறம் வள்ளம் கொட்டியாரக் குடாவுக்குள் இறங்கியது. போனில் அது கண்டி வீதியில் ஏறி, கப்பல்துறை ஊர் பஸ் தரிப்பிடத்தில் சற்று நின்று, பிறகு பஸ் வேகத்தில் போனது.

“வாப்பா பொல்லாத ஆள்தான். வள்ளத்துக்கு டயர் பூட்டினத்த வீட்டில சொல்லவே இல்ல” என்றாள் பஹ்மியா.

கரைக்கு வந்த மாமாவோ போனைப் பார்த்துப் பூரித்துப்போனார். பாரை மீன் படுகிற இடத்தைக் கூடப்பிறந்த தம்பிக்கே சொல்லாத மனிதர் அவர். யாரும் கேட்டால் எதிர்த் திசையைக் காட்டுவார்.

“அருமையான சாமான் மருமகன். நான் வாயால சொல்ற பொய்ய இது தானாச் சொல்லுது. ஒண்டையும் மாத்திப்போடாதீங்க!”

விரிவுரையாளர் சிவகுருநாதனுக்கு மீன்பிடியின் நுட்பங்கள் பிடிபடவில்லை. “கடலில நிக்கிற வள்ளத்தக் கடலிலதான் காட்டோணும், தம்பி. மூண்டு கிழமை இருக்கு. ஏலாதெண்டா அடுத்த வருசமும் இதே வகுப்பில சந்திப்பம்.”

மூன்று கிழமைக்குள் இன்னும் ஒரேயொரு பலகைதான் வந்து சேரும். அதுவும் வீதியில் ஓடினால், பஹ்மியா பட்டம் வாங்குவதை அவன் சபையிலிருந்து பார்க்கவேண்டியதுதான்.

அன்று பின்னேரம் அவள் தேத்தண்ணி கொண்டுவந்தபோது றிஸ்கான் மடிக்கணினியை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பினான்.

“இந்தமுறை எத்தினை லேயர்?”

“தேத்தண்ணிக்குச் சீனி காணாது.”

அவள் குசினிக்குள் போகும்வரை காத்திருந்தான். பிறகு, லேயர் எண்ணிக்கைக் கட்டத்திலிருந்த இரண்டை அழித்து நாலைப் போட்டான். திரையில் ஒரு படை, கோடு ஒன்றும் இல்லாமல், காற்று விழுந்த நேரத்துக் குடாவைப்போல விளிம்புவரை நீலமாய் விரிந்து கிடந்தது.