மேயர் அழுத்திய பொத்தான்

மேயர் அழுத்தப்போகும் பொத்தானுக்கும் விளக்குகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பொத்தான் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. உள்ளங்கை அகலம், சிவப்பு நிறம், கீழே பித்தளைத் தாங்கி. உள்ளே ஒயர் மட்டும் கிடையாது. அவர் அழுத்தியதும் பக்கத்தில் நிற்கும் மேனேஜர் வாக்கி டாக்கியில் "போடு" என்பார். சுவிட்ச் அறையில் நிற்கும் நான் பெரிய பிடியை மேலே தள்ளுவேன். புது ஆற்றங்கரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஜொலிக்கும். மேயர்தான் ஏற்றி வைத்தார் என்று ஊரே கை தட்டும். எனக்கு அதில் ஒரு மனக்குறையும் இல்லை. மின்வேலை பார்ப்பவளுக்குக் கைதட்டல் கிடைத்தால்தான் பயப்பட வேண்டும்.

என் பயம் வேறு. ஆற்றில் என் தம்பியின் படகு இருந்தது.

தம்பி பயணிகள் படகு ஓட்டுகிறான். நாங்கள் எல்லோரும் அக்கரையில்தான் குடியிருக்கிறோம். வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, சினிமாவுக்கு என்று எது வேண்டுமானாலும் அவன் படகில் ஏறித்தான் நகரத்துக்கு வரவேண்டும். அன்று விளக்கு ஏற்றுவதைப் பார்க்க அக்கரையே கிளம்பி வந்துகொண்டிருந்தது. என் மகளும் தம்பி மனைவியும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள்.

சாயங்காலம், கடைசிச் சரிபார்ப்புக்காக ஒரு பகுதியை மட்டும் எரியவிட்டேன். படிக்கட்டு ஓரமெல்லாம் மஞ்சள் வெளிச்சம் வழிந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. உடனே போன் அடித்தது.

"அக்கா, நீயா லைட்டு போட்ட?"

"ஆமாடா. எப்படி இருக்கு?"

"முதல்ல அணை. அப்புறம் பேசலாம்."

தம்பி என்னிடம் அப்படிப் பேசுகிறவன் இல்லை. அணைத்தேன்.

"இப்பத் தெரியுது," என்றான். "ரெண்டு விளக்குமே காணாமப் போயிடுச்சுக்கா. கண்ணைக் கட்டி விட்ட மாதிரி ஆயிடுச்சு."

அந்த இரண்டு விளக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். படகுத்துறையின் கூரைமேல் ஒன்று, அதற்குப் பின்னால் தண்ணீர்த்தொட்டியின் உச்சியில் ஒன்று. இரண்டும் சாதாரண மஞ்சள் விளக்குகள். ஆற்றிலிருந்து பார்க்கும்போது ஒன்றின் தலைக்கு நேர்மேலே மற்றொன்று நின்றால் படகு சரியான வழியில் வருகிறது என்று அர்த்தம். விலகித் தெரிந்தால் ஆபத்து. ஏனென்றால் நடு ஆற்றைத் தாண்டியதும் பழைய பாலத்தின் தூண்கள் இருக்கின்றன. பாலத்தை இடித்த புண்ணியவான்கள் தண்ணீருக்கு மேலே கண்ணில் பட்டதை மட்டும் இடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அடியில் மொட்டைத் தூண்கள் அப்படியே நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில் ஒரே ஒரு இடைவெளியில்தான் படகு நுழைந்து வரமுடியும்.

இப்போது கரை நெடுக அதே மஞ்சளில் ஆயிரக்கணக்கில் விளக்குகள். அதில் எந்த இரண்டை அவன் தேடுவான்?

இது ஏன் ஒருவருக்கும் முன்பே தோன்றவில்லை என்று கேட்டால், நாங்கள் எல்லோரும் கரையில் நின்றே ஆற்றைப் பார்த்தோம். வரைபடத்தில் கரையிலிருந்து பார்த்தபடி ஒரு படம், வானத்திலிருந்து பார்த்தபடி ஒரு படம். தண்ணீரிலிருந்து பார்த்தபடி ஒரு படமும் இல்லை. மக்களுக்குத் தொந்தரவு கூடாது என்று ஒவ்வொரு சோதனையையும் கடைசிப் படகு போன பிறகே செய்தோம். அவ்வளவு அக்கறை.

மேனேஜரைத் தேடி ஓடினேன். மேடையில் நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு விஷயம்."

"லைட்டு எரியுமா எரியாதா, அதை மட்டும் சொல்லுங்க."

"எரியும் சார். அதுதான் பிரச்சினை."

சொன்னேன். அவர் காதில் வாங்கிக்கொண்டே கண்ணால் நாற்காலிகளை எண்ணினார்.

"இத்தனை தடவை டெஸ்ட் பண்ணோம். அப்பல்லாம் ஒண்ணும் ஆகலையே."

"அப்பல்லாம் ஆத்துல படகே இல்ல சார்."

"சரி, ஃபங்ஷன் முடியட்டும். நாளைக்கு உக்காந்து பேசலாம். இப்பப் போய் இடத்துல நில்லுங்கம்மா, நேரமாச்சு."

மோசமான மனிதர் இல்லை. பிள்ளையின் கல்யாணத்தன்று கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் ஒரு அப்பா எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் பார்த்தார். நான் திரும்பி வரும் வழியெல்லாம் வாய்க்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

தம்பியோ, விழாவுக்கு முன்பே கரைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான். ஆனால் அக்கரையில் ஏற்றியதே தாமதம். கூட்டம் அப்படி. இருட்டிவிட்டது. சுவிட்ச் அறையின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவன் படகின் முகப்பு விளக்கு நடு ஆற்றைத்தான் தாண்டிக்கொண்டிருந்தது. போன் செய்தேன். என்ஜின் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கும்? எடுக்கவில்லை.

ஒலிபெருக்கியில் மேயரை அழைத்தார்கள். அவர் பேச்சை நீட்டமாட்டாரா என்று ஏங்கினேன். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு அரசியல்வாதி நிறையப் பேசவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த மனிதர் அன்றைக்குப் பார்த்து நாலே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"போடு," என்றது வாக்கி டாக்கி.

நான் போடவில்லை. எழுந்துபோய்க் கதவை உள்பக்கம் தாழிட்டேன்.

"போடும்மா. அழுத்திட்டாரு."

படகு தூண்கள் இருக்கும் இடத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக வந்தது. ஆள் நிறைய ஏற்றினால் அப்படித்தான் வரும்.

"என்னம்மா பண்றீங்க? மறுபடியும் அழுத்துறாரு. போடுங்க!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. மேயர் மூன்றாம் முறையும் அழுத்தியிருக்கவேண்டும். சிரிப்பு இன்னும் பெரிதானது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஒற்றை விளக்குக்குப் பின்னால்தான் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். அனேகமாகத் தம்பி மனைவியின் மடியில் சாய்ந்துகொண்டு, எப்போது விளக்கு எரியும் என்று நச்சரித்துக்கொண்டிருப்பாள்.

கதவு அதிர்ந்தது. மேனேஜர் ஓடியே வந்துவிட்டார். "கதவைத் திறங்க! என் மானத்தை வாங்காதீங்க!"

"ரெண்டு நிமிஷம் சார்."

"வேலை போயிடும், சொல்லிட்டேன்."

"போகட்டும் சார்."

சொல்லிவிட்டேன். அந்த வேலையில்தான் என் வீடு ஓடுகிறது. படகு இடைவெளிக்குள் நுழைந்தது. அதற்குள் இருந்தது. இன்னும் இருந்தது. பிறகு இந்தப் பக்கம் வந்து, துறையை நோக்கி வழக்கம்போல லேசாக மூக்கைத் திருப்பியது. நான் பிடியை மேலே தள்ளினேன்.

வெளியே எழுந்த ஆரவாரத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கதவைத் திறந்தேன். மேனேஜர் வாயைத் திறந்தார். அதற்குள் யாரோ வந்து அவர் கையைக் குலுக்கிவிட்டார்கள். உடனே முகம் மாறியது. "கடைசி நேரத்துல ஒரு சின்னக் கோளாறு. நம்ம அம்மா சரி பண்ணிட்டாங்க," என்று அழகாகப் பூசி மெழுகினார். யாருக்கோ வைத்திருந்த பூங்கொத்து என் கைக்கு வந்தது. அவர்கள் போனதும் மேனேஜர் சுவிட்ச் அறை வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "இனிமே நான் சொல்லாம இந்தப் பிடியில ஒருத்தர் கை வைக்கக் கூடாது," என்றார். அது என் காதில் விழுந்தது. இருந்த கோபத்தில் மனதில் ஏறவில்லை.

படகுத்துறைக்குப் போனேன். மகள் ஓடிவந்து, "லைட்டு ஏம்மா லேட்டு? எல்லாரும் உன்னைத்தான் திட்டுனாங்க," என்றாள். அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். பூங்கொத்து நசுங்கியது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மேயருக்கு ஒரு ஆசை வந்தது. ஆற்றிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டுமாம். மேனேஜர் எள் என்பதற்குள் எண்ணெயாக நின்றார். தம்பியின் படகில் மேயரும் விருந்தினர்களும் ஏறத் தொடங்கினார்கள். தம்பி என்னைப் பார்த்தான்.

"கூட்டிட்டுப் போயிடுவேன்க்கா. போகும்போது வெளிச்சம் முதுகுக்குப் பின்னாடி. திரும்பி வர்றதுதான்..."

"முடியாதுன்னு சொல்லேன்டா."

"சொன்னேன். உனக்கு ஓட்டத் தெரியாதா, வேற ஆளைக் கூப்பிடவான்னு கேக்குறாங்க. வேற ஆளுக்கு மட்டும் தெரியுமா?"

நான் வாட்ச்மேனிடம் ஓடினேன். "நான் வாக்கியில சொல்வேன். சொன்ன உடனே பிடியைக் கீழே இறக்கிடுங்க, சரியா?" அவர் தலையை ஆட்டினார். ஆட்டியது சரி என்பதற்கா, பார்க்கலாம் என்பதற்கா என்று கேட்க எனக்கு நேரமில்லை. மகளைத் தம்பி மனைவியிடம் விட்டுவிட்டுப் படகில் குதித்தேன்.

"தூணுக்கு இந்தப் பக்கமே சுத்திடு," என்று தம்பியின் காதில் சொன்னேன். சரி என்றான். ஆனால் முழுக் கரையும் போட்டோவில் விழவில்லை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மேயர் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். தூண்களைத் தாண்டிவிட்டோம். அங்கே படகு திரும்பியது.

சத்தியமாக அழகாக இருந்தது. நான் இழுத்த ஒயர்கள், நான் மாட்டிய விளக்குகள். கரை முழுக்கத் தங்கத் தகடு. தண்ணீரிலும் அதே தகடு தலைகீழாக. படகில் எல்லோரும் எழுந்து நின்று போனைத் தூக்கினார்கள். நான் கூரைமேல் இருக்கும் விளக்கைத் தேடினேன். தண்ணீர்த்தொட்டியைத் தேடினேன். எத்தனையோ வருஷமாக இதே படகில் வருகிறவள், எனக்கு இரண்டுமே கிடைக்கவில்லை.

தம்பி என்ஜினைத் தணித்தான். திரும்பாமலே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியல."

பின்னால் மேனேஜர் உற்சாகமாக, "பாத்தீங்களா சார், போட்டோ எடுக்க வசதியா நிறுத்திட்டாரு," என்றார்.

படகு நிற்கவில்லை. ஆறு அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தது. தூண்கள் எந்தப் பக்கம் என்று தெரியாது. பின்னால் எடுக்கலாமென்றால், அதற்குள் தூண்களுக்கு நடுவே வந்துவிட்டோமா என்பதும் தெரியாது. வாக்கியை எடுத்தேன்.

"அண்ணே, பிடியை இறக்குங்க."

"மேனேஜர் சார் சொன்னாரா?"

"நான் சொல்றேன்ணே. இறக்குங்க."

"அவர் சொல்லாமத் தொடக்கூடாதுன்னு உங்க முன்னாடிதானேம்மா சொன்னாரு. என் வேலைக்கு உலை வைக்காதீங்க."

அடியில் ஏதோ உரசியது. பெரிய சத்தமில்லை. பாத்திரம் கழுவும்போது கேட்கிற மாதிரி ஒரு சத்தம். போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. தம்பியின் தோள்கள் மட்டும் விறைத்தன. மேனேஜருக்கும் கேட்டிருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார். சாயங்காலம் நான் சொன்னது அப்போதுதான் அவருக்குள் போய்ச் சேர்ந்தது என்று முகத்திலேயே தெரிந்தது.

வாக்கியை அவர் வாய்க்கு நேராக நீட்டினேன். "சொல்லுங்க சார்."

அவர் மேயரைத் திரும்பிப் பார்த்தார். மேயர் கரையைப் பின்னால் வைத்து, சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். மேனேஜருக்கு வீட்டில் வயதான அம்மா, படிக்கிற பிள்ளைகள், முடியாத கடன், எல்லாம் உண்டு; எனக்குத் தெரியும். சொல்லித்தொலையுங்களேன் என்று மனதுக்குள் கத்தினேன்.

"அணை," என்றார் மேனேஜர். குரலே வரவில்லை. மறுபடி சொன்னார். "நான்தான் பேசுறேன். எல்லாத்தையும் அணை."

கரை செத்தது. அத்தனை ஜனமும் "ஓ" என்று ஒரே குரலில் அலுத்துக்கொண்டது தண்ணீரைத் தாண்டி வந்து கேட்டது. படகிலும் கூச்சல். கண்ணுக்கு எதிரில் கன்னங்கரிய இருட்டு. பிறகு அந்த இருட்டில், நாங்கள் நினைத்த இடத்துக்கு வெகுதூரம் வலது பக்கத்தில், சின்னதாக இரண்டு மஞ்சள் புள்ளிகள். ஒன்றுக்கொன்று விலகி நின்றன. தம்பி பெருமூச்சு விட்டுவிட்டு என்ஜினை முடுக்கினான். மேலேயுள்ள புள்ளி மெல்ல நகர்ந்து, கீழேயுள்ளதன் தலைக்கு நேராக வந்து நின்றது.

போட்டோ பாதியில் போன கடுப்பில் மேயர் வந்து முன்னால் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அந்தப் புள்ளிகளையே பார்த்தார்.

"இது நல்லா இருக்கே," என்றார். "இருட்டுல ரெண்டே ரெண்டு லைட்டு. இதுவும் நம்ம திட்டத்துல வருதா?"

மேனேஜர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "ஆமாங்க சார்," என்றார். "இனிமே வரும்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். உடம்பு குலுங்கியது. நான் சாய்ந்திருந்த தம்பியின் இருக்கையும் அதோடு லேசாக ஆடியது.

"சிரிக்காதக்கா," என்றான் தம்பி கண்டிப்பாக. "நான் வழி பாக்கணும்."

நான் சிரிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தேன். அதைத் திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள அவனுக்கு நேரமில்லை. அவன் கண் அந்த இரண்டு விளக்குகளின்மேல் இருந்தது.