வலது கன்னம்

1

இந்தக் கதை ஈப்போவில் ஒரு ஸ்டூடியோவில் தொடங்கியது. என் கணவர் ஆம்புரோஸின் முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க அவர் படத்தைக் கொண்டுபோயிருந்தேன். ஸ்டூடியோக்காரர் உற்றுப் பார்த்துவிட்டு, “வலது கன்னத்துச் செவப்பத் தொடச்சிரவா அக்கா?” என்றார். பிறகு சொல்கிறேன் என்று படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

(மனைவியை இனி டோரிஸ் என்றே எழுதுவேன். என் பெயர்தான். கொஞ்சம் தள்ளி நின்றால்தான் எழுத வருகிறது.)

2

“ஆம்புரோஸின் கன்னங்களில் செம்பருத்தி பூத்து...”

வேண்டாம். பூ இல்லை. தோலுக்கடியில் உடைந்த மெல்லிய ரத்தக் குழாய்கள். எஸ்டேட்டில் ரப்பர் ஷீட் காயும் புகைவீட்டு அடுப்புக்குப் பல வருடம் விறகு தள்ளியவர். வெக்கை கொடுத்த சிவப்பு. பார்த்தவர்களுக்கு அது கள்ளு கொடுத்த சிவப்பு. அவர் கள்ளைத் தொட்டதே இல்லை. (மனைவி அப்படித்தானே சொல்வாள் என்கிறீர்கள்.)

3

எஸ்டேட்டை விட்டு ஈப்போவின் சிலிபின் பகுதிக்குக் குடிவந்தபின் அவருக்கு ஒரே ஆசை, ஞாயிறு பூசையில் வேத வாசகம் வாசிக்கவேண்டும். கோவில் சபைத் தலைவர் மத்தியாஸ் மறுத்தார். “மூஞ்சியே சொல்லுதேண்ணே. ஜனங்க சிரிக்கும்லா.”

1981இல் டவுனில் ஒரு டாக்டர், மயிரிழை ஊசியில் மின்சாரம் ஏற்றி, குழாய் குழாயாகச் சுட்டார். முதலில் இடது கன்னம் மட்டும்; அது ஆறியதும் வலதைச் சுடலாம் என்றார். இடது கன்னத்தில் பொருக்கு உதிர்ந்த காலையில் ஆம்புரோஸ் கண்ணாடி முன் நின்று சத்தமாக வாசித்துப் பார்த்தார். [டோரிஸ் அழுதாள் என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.]

4

அந்த ஞாயிறு மத்தியாஸ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“விட்டுட்டீங்களாண்ணே! மூஞ்சி பாதி தெளிஞ்சிருச்சே. வர்ற வாரம் நீங்களே வாசிங்க.”

“எதை விட்டேன்?”

“அட, எங்கிட்டயா மறைக்கிறீங்க!”

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது ஆம்புரோஸ் சொன்னார்: “குடிய விட்டவன்னு பேர் வாங்கிட்டா அங்க வாசிக்க ஏறணும்? வாணாம். வலது பக்கம் அப்படியே இருக்கட்டும்.”

“பாதி மூஞ்சியோடயா வெளிய போவீங்க?”

“பாதி குடிகாரன்னு சொல்லட்டும்லா.”

அவர் கடைசிவரை கோவிலில் வாசிக்கவில்லை.

5

ஒரு முடிவு: சவப்பெட்டி அருகே மத்தியாஸ் மன்னிப்புக் கேட்கிறார்.

கேட்கவில்லை. “நல்ல மனுசன். பாதியாவது விட்டாரே” என்றார்.

இன்னொரு முடிவு: சிவப்பைத் துடைக்கச் சொல்கிறாள் டோரிஸ். அட்டையைப் பார்ப்பவர்கள், கடைசியில் முழுசாக விட்டுவிட்டார் என்பார்கள். துடைக்காவிட்டால், விடவேயில்லை என்பார்கள். அவர் முகத்தை அவர் முகமாகப் பார்க்கிற ஒருவராவது...

டோரிஸ் மறுபடி ஸ்டூடியோவில் நிற்கிறாள். ஸ்டூடியோக்காரர் பிரஷ்ஷை எடுத்துவிட்டார்.

“என்னக்கா, தொடச்சிரவா?”

இவ்வளவு தூரம் வாசித்துவிட்டீர்கள். நீங்களே சொல்லுங்கள்.