நுரையோரம் நின்ற கறுப்புக் கார்

மோகன்குமாருக்கு ஓசூர் பாகலூர் சாலையில் பழைய கார்களை வாங்கி விற்கும் தொழில். விற்க வேண்டிய கார்களை அவரே செல்போனில் படம் பிடித்து இணையத்தில் போட்டுவந்தார். எல்லாம் உச்சி வெயிலில், நின்ற வாக்கில் எடுத்த படங்கள். கார்க் கதவுகளில் அவருடைய வயிறும், மின்கம்பமும், எதிர்ச்சாரியில் இருந்த பரோட்டாக் கடையின் பலகையும் பளிச்சென்று தெரியும். பெங்களூருவிலிருந்து ஒருவர் போன் செய்து அந்தப் பரோட்டாக் கடை எந்த இடத்தில் இருக்கிறது என்று விசாரித்த பிறகுதான், படம் எடுக்க ஆள் வேண்டும் என்று அவருக்கு உறைத்தது. மேகலாவை வேலைக்கு வைத்தார்.

மேகலா விருதுநகர்ப் பக்கத்துப் பெண். கணவனுக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை கிடைத்ததால் ஓசூருக்கு வந்தவள். ஊரில் ஒரு ஸ்டுடியோவுக்காகக் கல்யாணங்களில் கேமரா பிடித்திருக்கிறாள். மணப்பெண்ணைவிடக் கார் அதிகத் தொல்லை என்பதை முதல் வாரமே கண்டுகொண்டாள். கழுவித் துடைத்த கார் தன்னைக் காட்டாது, தெருவைத்தான் காட்டும். அதனால் வெயில் ஏறுமுன் வேலையை முடித்தாள். காரின் முன்விளக்கு உயரத்துக்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கிட்டப்போய் எடுத்தால் காரின் மூக்கு வீங்கித் தெரிந்தது. தள்ளிப்போய் ஜூம் வைத்து எடுத்தாள். முன்சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் நிற்கிற வண்டிக்கும் ஒரு மிடுக்கு வந்தது. கார்கள் விலைபோகத் தொடங்கின.

ஒரு கறுப்புக் கார் மட்டும் படத்துக்குப் படியவில்லை. எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும் கம்பியோ தகரமோ காம்பவுண்டுச் சுவரோ கதவில் ஏறிக்கொண்டது. ஊரைவிட்டு வெளியே போய்ப் பார்ப்போம் என்று ஒரு விடியற்காலையில் மோகன்குமார் வண்டியை ஓட்ட, மேகலா கூடப் போனாள். மேற்கே நல்ல மழை பெய்து கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நேரம். பெங்களூருக் கழிவு கலந்து வரும் ஆறு அது; அணைக்குக் கீழே தரைப்பாலத்தின் ஒரு பக்கம் முழுக்க ஆள் உயரத்துக்கு நுரை நின்றது. சோப்பும் சாக்கடையும் கலந்த வாடை அடித்தது. மேகலா துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு காரை நுரைக்கு முன்னால் நிறுத்தச் சொன்னாள். கதவில் வெள்ளையைத் தவிர வேறு எதுவும் விழவில்லை. அவள் எடுத்ததிலேயே நல்ல படம் அன்றைக்குத்தான் அமைந்தது.

பாலத்தின் மேலும் நுரை வழிந்ததால் கடக்க முடியாமல் சாமந்திக் கூடைகளோடு ஒரு டெம்போ அங்கே நின்றிருந்தது. அதன் சொந்தக்காரர் திம்மப்பன் ஆற்றோரத்தில் சாமந்தி போடுகிறவர். காற்று அடிக்கும்போதெல்லாம் நுரை பறந்து அவர் தோட்டத்தில்தான் விழும். விழுந்த இடத்தில் இலை கருகிவிடும். வருடக் கணக்கில் மனு கொடுத்துவருகிறார். மேகலா வேலையை முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

“ஏம்மா, அந்த வண்டிய எடுத்தாப்பலயே என் தோட்டத்தையும் ஒண்ணு எடுத்துக் குடும்மா. மனுவோட வைக்கணும்.”

மேகலா கூடப் போய்த் தோட்டத்தை மனம் வைத்துத்தான் எடுத்தாள். கை பழகிய பழக்கம், வெயில் நுரைக்குள் புகுந்து மினுங்கும்வரை காத்திருந்தாள். கருகிய இலைகள் நிழலுக்குள் போய்விட்டன. மஞ்சள் பூக்கள் முன்னால் வந்துவிட்டன. குறைதீர்க்கும் கூட்டத்தில் திம்மப்பன் நீட்டிய அந்தப் படத்தை வாங்கிப் பார்த்த அதிகாரி, பக்கத்து நாற்காலிக்காரரிடமும் காட்டினார். ரொம்ப அழகாக எடுத்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். பிறகு, இதில் பாதிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார். திம்மப்பனால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.

கறுப்புக் காரை ஹரீஷ்குமார் என்ற பெங்களூருக்காரர் வாங்கிக்கொண்டார். அது எந்த மலை, என்ன அருமையான பனி என்று அவர் கேட்டபோது மோகன்குமார் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. படம் போன் போனாகப் பரவியது. இடம் தெரிந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் காரைக் கழுவி எடுத்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள். காருக்கு முன்னால் புதுமணத் தம்பதிகள் நின்றார்கள். பின்னால் நுரை நின்றது. நடுவில் புகுந்து டெம்போவைத் திருப்ப வழியில்லாமல் திம்மப்பன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் தன் புதுக் காரை நுரைக்குள்ளேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் பானெட்டில் திட்டுத் திட்டாகக் கறை. அன்றே புகார் எழுதினார். அந்த வாரமே ஆட்கள் வந்து பார்த்தார்கள், அளந்தார்கள், பாலத்துக்கு இரும்புத் தடுப்பு போட்டார்கள். ‘நுரை வாகனங்களின் வண்ணத்தைப் பாதிக்கும். இங்கே வாகனங்களை நிறுத்தாதீர்கள்’ என்று பலகையும் வைத்தார்கள். சாமந்தியைப் பற்றிப் பலகையில் ஒன்றும் இல்லை. திம்மப்பனின் பூ ஊரைச் சுற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனது.

விஷயம் மேகலாவுக்குத் தெரியவந்தது. தன்னால்தான் இவ்வளவும் என்று சொல்லிவிடலாம் என்றுதான் தோட்டத்துக்குப் போனாள். திட்டுவார் என்று நினைத்தாள். திம்மப்பனோ டெம்போவைக் கருகிய பாத்திகளுக்கு நட்டநடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

“என்னால உங்களுக்கு வழியும் போச்சுண்ணே,” என்றாள்.

“அத விடும்மா. இத்தன வருசமா நானு செடியப் பத்தியே எழுதிட்டு இருந்திருக்கேன். இந்த வண்டிக்கும் பெயிண்டு போயிருக்குது, பாரு. நல்லா எடு. உன் கார எல்லாம் எப்பிடி எடுப்பியோ அப்பிடி எடு.”

மேகலா உட்கார்ந்து, தள்ளிப்போய், சக்கரத்தைத் திருப்பி வைத்து எடுத்தாள். அந்தப் பழைய டெம்போ ஷோரூமில் நிற்பதுபோல இருந்தது. கறைகளும் ஒன்றுவிடாமல் தெரிந்தன. தன் வாகனத்தின் வண்ணம் நுரையால் கெட்டுவிட்டது என்று திம்மப்பன் மனு எழுதினார். அவர் கொடுத்த மனுக்களில் ஆள் வந்து பார்த்தது அது ஒன்றைத்தான்.

வந்தவர் அதே அதிகாரி. டெம்போவிடம் போவதற்குத் தோட்டத்துக்குள் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. கருகிய செடிகள் உரசி அவர் பேண்ட்டில் கறை பிடித்தது. அவர் குனிந்து பானெட்டைத் தடவினார், மோந்து பார்த்தார், நுரையாக இருக்கத்தான் வாய்ப்பு என்று எழுதிக்கொண்டார்.

“அப்பிடியே செடியையும் ஒருவாட்டி பாருங்க சார்,” என்றார் திம்மப்பன்.

“செடி எங்க செக்‌ஷன்ல வராதுங்க. வண்டியத் திறந்த வெளியில நிறுத்தாதீங்க. மூடி வைங்க.”

மூட ஒன்றும் இல்லை என்று திம்மப்பன் சொன்னார். அதற்கு வழி இருந்தது. கொஞ்ச நாளில் அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய நீலத் தார்ப்பாய் இலவசமாக வந்து சேர்ந்தது. திம்மப்பன் அதை டெம்போவுக்குப் போடவில்லை. ஆற்றுப் பக்கம் கம்பு நட்டு, காற்றுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டினார். பறந்து வந்த நுரை அதில் மோதிக் கீழே வழிந்தது. அந்தச் சாகுபடிப் பட்டத்தில் தார்ப்பாய்க்குப் பின்னால் இருந்த வரிசைகள் மட்டும் தப்பிப் பூத்தன. மீதித் தோட்டம் வழக்கம்போலக் கருகியது.

மேகலா போய்ப் பார்த்தாள். பூத்த வரிசைகளைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா, கருகியதைப் பார்த்து வருத்தப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. திம்மப்பனுக்கு அந்தக் குழப்பம் இல்லை. தன்னிடம் ஒரு மோட்டார் சைக்கிளும் இருப்பதாகவும், அதற்கும் ஒரு தார்ப்பாய் கேட்டு எழுதப்போவதாகவும் சொன்னார். அதை எங்கே நிறுத்தினால் படம் நன்றாக வரும் என்று கேட்டார். மேகலா சூரியன் இருந்த திசையைப் பார்த்தாள். வண்டியைக் கொஞ்சம் கிழக்கே தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டு, பாத்தியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.