நாற்பது நாள் பாஷை

ஐந்து வருடமாக எனக்காக மேஸ்திரிதான் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டுமா? பிழைக்கப் போன வெளிநாட்டில், நான் வேலை பார்த்த சலவைக்கூடத்தில் நம் ஆட்கள் பதினேழு பேர். பதினேழு பேருக்கும் அவர்தான் வாய். பல்வலி என்றால் டாக்டரிடம் அவர் சொல்வார். குழாய் ஒழுகினால் வீட்டுக்காரரிடம் அவர் சொல்வார். "நீங்க ஏன்க்கா கஷ்டப்படறீங்க, நான் இருக்கேன்ல" என்பார். அந்த ஊர்ப் பாஷையை நான் கற்றுக்கொள்ளாததற்குப் பாதிக் காரணம் என் சோம்பல், மீதி அவருடைய அந்தத் தேன் ஒழுகும் பேச்சு.

ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புவது எங்கள் வேலை. இஸ்திரி என்றால் கையால் தேய்ப்பது இல்லை. இரண்டு பெரிய சூடான உருளைகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஈர விரிப்பை இந்தப் பக்கம் இரண்டு பேர் விரித்துக் கொடுத்தால் அந்தப் பக்கம் மொடமொடவென்று வெளியே வரும். கை உள்ளே போய்விடாமல் இருக்க முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் உருளை நின்றுவிடும். விரிப்பின் சுருக்கம் பட்டாலும் நின்றுவிடும், அதுதான் தொல்லை. நின்றதை மறுபடி ஓட்ட நான்கு நிமிடம் ஆகும். அதனால் காலையில் முதலில் வருபவர் ஒரு கிழிசல் துணியால் கம்பியை இழுத்துக் கட்டிவிட வேண்டும். மேலிடத்து ஆட்கள் வரும் நாளில் அவிழ்த்துவிட வேண்டும். இது மேஸ்திரியின் உத்தரவு. எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் எல்லோரும் செய்தோம்.

அன்று முதலில் வந்தவள் நான். கட்டியது நான். பத்தரை மணிக்கு, என் பக்கத்தில் நின்ற வாயாடியின் வலது கை உருளைக்குள் போனது.

வாயாடி என்பது நாங்கள் வைத்த பெயர். இருபத்தாறு வயது. உருளைச் சத்தத்தையும் மீறிக் காலையிலிருந்து மாலை வரை ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த இரண்டும் மடங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் பேச்சும் நின்றுவிட்டது.

அரசாங்கத்திலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்து என்னிடம் கேட்டபோது வழக்கம்போல மேஸ்திரி நடுவில் உட்கார்ந்தார். "எல்லாத்தையும் தைரியமா சொல்லுங்கக்கா" என்றார். நானும் சொன்னேன். "கம்பியக் கட்டினது நான்தான். இவர் கட்டச் சொல்லித்தான் தினமும் கட்டறோம். இதையும் சொல்லிடுங்க" என்று அவரிடமே சொன்னேன். அவர்மேல் உள்ள புகாரை எடுத்துச் சொல்ல அவரையே அனுப்பியிருக்கிறேன், என் புத்தியைப் பாருங்கள். அவர் தலையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் பேசினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அதன் நகல் தபாலில் வந்தது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் பிரித்துப் படித்தாள். படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ஏம்மா, சித்திதான் கட்டினாங்கன்னு சொல்லியிருக்கே?"

வாயாடியை அவள் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். காகிதத்தில் இருந்தது இதுதான்: கம்பியைக் கட்டியது காயம்பட்டவரே, வேண்டாம் என்று நான் எச்சரித்தும் அவர் கேட்கவில்லை. கீழே என் கையெழுத்து. மகளை இரண்டாவது தடவை படிக்கச் சொன்னேன். அதேதான். தவறு வாயாடியுடையது என்று முடிவானால் அவளுடைய அடுத்த அறுவைசிகிச்சையைக் கம்பெனி செய்து தராது. மிச்சமிருக்கும் இரண்டு விரல்களாவது மடங்க வேண்டுமென்றால் மூன்று மாதத்துக்குள் அதைச் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மகளைவிட்டு எழுதிப் போட்டேன். தரலாம், ஆனால் விசாரணை நான்கு மாதம் தள்ளிப்போகும், சின்னப் பிள்ளைகள் மொழிபெயர்க்கக் கூடாது என்று பதில் வந்தது. கடைசி விசாரணைக்குக் குறித்திருந்த தேதிக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது.

"அப்ப நானே பேசறேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் பேக்கரியில் மாவு பிசைபவர். அதிர்ந்து பேசாத மனுஷன். அன்று வாய்விட்டுச் சிரித்தார். "நாப்பது நாள்ல பாஷையா? பஸ்ல டிக்கெட் வாங்கக்கூட அஞ்சு வருஷமா நான்தானே கூட வரேன்."

"நாளையிலேருந்து வராதீங்க. அங்கேயே ஆரம்பிச்சுக்கறேன்."

சிரிப்பு நின்றது. "கட்டினது நீதான்னு சொன்னா உன் வேலை போயிடும்டி."

"போகட்டும். அவளுக்குக் கையே போயிடுச்சு."

காலை ஆறு மணியிலிருந்து மாலை நான்கு வரை வேலை. பிறகு சமையல், துணி, வீடு. எந்த நேரத்தில் படிப்பது? வேலை நேரத்திலேயே படிப்பது என்று முடிவு செய்தேன். விரிப்புகளுக்குக் குறி போட எங்களிடம் ஒரு மை உண்டு. பத்து சலவைக்கும் போகாது. அதை எடுத்து இடது முன்கையில் தினம் எட்டு வார்த்தை எழுதிக்கொண்டேன். அந்த ஊர் வார்த்தை, ஆனால் நம் எழுத்தில். ஒரு வாரத்தில் முழங்கை வரை ஏறிவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மாள் என் கையைப் பார்த்துவிட்டு எழுந்துபோய் நின்றுகொண்டாள். அவள் விட்ட இடத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தேன்.

வாயாடியின் இடத்தில் ஒருத்தியைப் போட்டிருந்தார்கள். வேறு ஏதோ நாட்டுக்காரி, என்னைவிட ஒன்றரை அடி உயரம். அவள் பேசுவது எனக்குத் தெரியாது, நான் பேசுவது அவளுக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் பொது என்று இருந்தது அந்த ஊர்ப் பாஷை ஒன்றுதான். அதை அவள் நான்கு வருடமாக அரைகுறையாகப் பேசிக்கொண்டிருந்தாள். என் கையைப் பார்த்தாள், காரணம் கேட்டாள். ஜாடையும் வார்த்தையுமாகச் சொல்லி முடிக்க எனக்கு ஒரு பகல் ஆனது. மறுநாளிலிருந்து ஒரு விரிப்புக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டாள். விரிப்பை உதறும்போது கேட்பாள், அது உருளைக்குள் போவதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு போகும். எந்தப் பள்ளிக்கூடத்தில் அறுநூறு கேள்வி கேட்கிறார்கள்? உருளைச் சத்தத்தில் தப்பும் தவறுமாக எவ்வளவு கத்தினாலும் கேட்க ஆளில்லை என்பது இன்னொரு வசதி.

பன்னிரண்டாம் நாள் மேஸ்திரிக்கு விஷயம் எட்டியது.

"என்னக்கா, இந்த வயசுல படிப்பா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். நம் ஆட்களும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்த பல்வலிக்கு யார் பேசுவது? அன்று மதியமே என்னை அழுக்குத் துணி அறைக்கு மாற்றிவிட்டார். ரத்தமும் சீழுமாக வரும் மூட்டைகளை அவிழ்த்துப் பிரிக்கும் இடம். பக்கத்தில் பேச்சுத் துணைக்கு ஒருவரும் இல்லை. நான் ஒடுங்கிவிடுவேன் என்று மனுஷன் கணக்குப் போட்டிருப்பார்.

ஆனால் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு அட்டை தொங்கியது. எந்த வார்டிலிருந்து வந்தது, என்ன துணி, எதனால் கறை என்று அச்சடித்திருந்தது. எலும்பு, விபத்து, தீக்காயம், அறுவைசிகிச்சை. எனக்கு வேண்டிய வார்த்தைகளாகப் பொறுக்கி எடுத்து, மூட்டை மூட்டையாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மகளிடம் எழுத்துகளைக் கற்றுக்கொண்டு அட்டைகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். சாப்பாட்டு நேரத்தில் உயரக்காரி டப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்த நாற்றத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்தாள். ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டாள்.

இருபத்தாறாம் நாள் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. நடந்தது முழுவதையும் இருபது வாக்கியத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். வீட்டில் மகளை அதிகாரியாக உட்காரவைத்துக் கடகடவென்று ஒப்பித்தேன். ஏழாவது வாக்கியத்தில் அவள் குறுக்கே, "அந்தத் துணி என்ன நிறம்?" என்று கேட்டாள். அவ்வளவுதான். நிறமும் வரவில்லை, எட்டாவது வாக்கியமும் வரவில்லை. சமையலறைக்குப் போய் அழுதேன். அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது, மேஸ்திரி மேல் இல்லை, என் மேல். மனப்பாடம் செய்த பேச்சும் ஒரு மேஸ்திரிதான், அது நின்றால் நானும் நிற்கிறேன். அந்த இருபது வாக்கியத்தையும் கிழித்துப் போட்டேன். மிச்சமிருந்த பதினான்கு நாளும் கேள்விகளைப் புரிந்துகொள்வது மட்டும்தான் படிப்பு. புரியவில்லை என்றால், மெதுவாக, இன்னொரு தடவை என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். அதை வெட்கப்படாமல் கேட்கத்தான் அதிக நாள் பிடித்தது.

வாயாடியைப் போய்ப் பார்த்தேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "விட்டுடுக்கா. உனக்கும் வேலை போயிடும்" என்றாள்.

"வாய மூடுடி" என்றேன். பழைய பழக்கம். பத்து நிமிடத்தில் அவள் பேசிய ஒரே பேச்சை அடக்கிவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. அவள் எதிரிலேயே கண் கலங்கிவிட்டது. "அந்த முடிச்ச நான்தான் போட்டேன். அத நானே அவுக்கறேன்" என்றேன்.

நாற்பதாம் நாள் வந்தது. சின்ன அறை, ஒரு மேசை, நான்கு நாற்காலி. அதிகாரி ஜலதோஷம் பிடித்த ஒரு அம்மாள். மேஸ்திரி புதுச் சட்டையில் வந்து, பழக்கதோஷத்தில் எனக்கும் அவளுக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அந்த அம்மாள் ஏதோ கேட்டாள். மேஸ்திரி வாயைத் திறந்தார்.

"நான் பேசுகிறேன்" என்றேன், அந்த ஊர்ப் பாஷையில். "மெதுவாகக் கேளுங்கள்."

அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மேஸ்திரி சிரித்துக்கொண்டே அவளிடம் ஏதோ சொன்னார். பயந்திருக்கிறாள், நான் உதவுகிறேன் என்பது வரை எனக்குப் புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் பயம் பாதி ஓடிவிட்டது.

"பயம் இல்லை. உதவி வேண்டாம்" என்றேன். "அந்தக் காகிதம் பொய். நான் சொன்னது வேறு, இவர் சொன்னது வேறு."

"கம்பியைக் கட்டியது யார்?"

"நான்."

"ஏன்?"

"இவர் உத்தரவு. தினமும். அதிகாரிகள் வந்தால் அவிழ்ப்போம். போனால் கட்டுவோம்."

அம்மாள் பேனாவை எடுத்தாள். அப்போதுதான் மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். முகத்தில் அதே சிரிப்பு. ஒரு தம்பி அக்காவுக்குத் தைரியம் சொல்வது போன்ற குரலில், நம் பாஷையில் பேசினார். "அக்கா, போதும். இன்னொரு வார்த்தை பேசினீங்க, நாளைக்கு உங்களுக்கு வேலை இல்ல. உங்க வீட்டுக்காரர் பேக்கரியிலயும் எனக்கு ஆள் இருக்கு. ஒழுங்கா, மறந்துபோச்சுன்னு சொல்லிடுங்க."

"என்ன சொன்னீர்கள்?" என்று அம்மாள் அவரிடம் கேட்டாள்.

"பதற்றப்பட வேண்டாம் என்றேன்" என்றார் அவர்.

"இல்லை" என்றேன் நான். "இவர் சொன்னதை நான் சொல்கிறேன்."

சொன்னேன். ஐந்து வருடம் எனக்காகப் பேசியவருக்காக அன்று நான் பேசினேன். இன்னொரு வார்த்தை பேசினால் நாளை எனக்கு வேலை இல்லை. என் கணவர் வேலை செய்யும் இடத்திலும் இவருக்கு ஆள் இருக்கிறது. மறந்துவிட்டது என்று நான் சொல்ல வேண்டும். வார்த்தைகள் முன்னும் பின்னுமாகத்தான் வந்தன. ஆனால் ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் சேர்க்கவில்லை. மேஸ்திரியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பொய் சொல்வானேன், மனசு குளிர்ந்தது.

அம்மாள் அவரிடம் கதவைக் காட்டினாள். அவர் போனதும் என் பக்கம் குனிந்து நீளமாக ஏதோ சொன்னாள். புரியவில்லை.

"மெதுவாக. இன்னொரு தடவை."

மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "இதை எழுதினால், தவறில் உங்கள் பெயரும் வரும். உங்கள் வேலையை என்னால் காப்பாற்ற முடியாது. புரிகிறதா?"

"புரிகிறது" என்றேன். "எழுதுங்கள்."

எழுதி முடித்து என் பக்கம் திருப்பி வைத்தாள். கையெழுத்துப் போடும் இடத்தில் விரலால் தட்டிக் காட்டினாள். நான் பேனாவைத் தொடவில்லை. "படியுங்கள்" என்றேன். முழுவதும் படித்தாள். கட்டியது நான், கட்டச் சொன்னது அவர், கை போனது அவளுக்கு. அந்தந்த ஆள் அந்தந்த இடத்தில் இருந்தார்கள். கையெழுத்துப் போட்டேன்.