நீலக் கிரீஸ்

கயிற்றை இழுத்தால் வந்தது. விட்டால் சுருட்டிக்கொண்டு உள்ளே போனது. அதில் ஒரு குறையும் இல்லை. எஞ்சின்தான் அசையவில்லை. தெருவில் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

விடிகாலையில் சாலைப் பனியை ஒதுக்குகிற வண்டி போனபோது, எங்கள் வீட்டு வழியின் வாயை அடைத்து இடுப்புயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பிவிட்டுப் போயிருந்தது. கார் உள்ளே மாட்டிக்கொண்டது. அம்மா அந்தச் சுவரில் ஏறி, மறுபக்கம் சறுக்கி இறங்கி, கூட வேலை பார்க்கும் ஒருத்தியின் காரில் போய்விட்டாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்கு வேலை. எண்பது வயதுக்காரர்களுக்கு ஓட்ஸ் கஞ்சி நேரத்துக்கு வரவேண்டும். பனி பெய்தால் என்ன, வானமே இடிந்து விழுந்தால் என்ன.

நான் கொட்டகையிலிருந்து வாசல் பனியை அள்ளி ஓரமாக வீசும் அப்பாவின் எந்திரத்தை வெளியே தள்ளிக்கொண்டு வந்து, கை ஓயும்வரை கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு வெர்னா காப்பிக் கோப்பையோடு வாசலில் வந்து நின்றாள். அவள் டிரக்கின் முன்னால் பனி தள்ளும் பலகை உண்டு. ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் வழி தள்ளிக் கொடுக்கிறாள்.

"ஏண்டி செல்மா, நாலு வருஷம் காலேஜ்ல படிச்சியே, கயிறு இழுக்க மட்டும் சொல்லித் தரலியா?"

"சொல்லித் தந்தாங்க. வேடிக்கை பாக்கறவங்க கழுத்துல கட்டி இழுக்கணும்னாங்க."

"வாய் மட்டும் அப்பன் வாயி. பெட்ரோல் பழசாயிருக்கும். மாத்திப் பாரு."

மாற்றினேன். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். சோக்கை இழுத்தேன், தள்ளினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"விடுடி. நான் டிரக்க எடுத்துட்டு வந்து அஞ்சு நிமிஷத்துல தள்ளிட்டுப் போறேன்."

"வேணாம்."

"ஏன், ராணி வீட்டு வாசலா?"

"வேணாம்னா வேணாம் வெர்னாக்கா."

அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு உள்ளே போனாள். காரணத்தைச் சொன்னால் சிரித்திருப்பாள். டிரக் பலகை தள்ளிய வழி கோணல்மாணலாக இருக்கும். அப்பா ரெய்னோவின் எந்திரம் வெட்டிய வழி கத்தியால் ரொட்டி நறுக்கியதுபோல் ஓரம் செங்குத்தாக நிற்கும். ஜனவரி பிறந்து லாத்தெலா குடும்பம் என்கிற எங்கள் வீட்டு வாசலில் அந்த ஓரம் தெரிந்தால், ரெய்னோ வந்துவிட்டான் என்று ஊர் தெரிந்துகொள்ளும். இந்த வருஷம் வெர்னாவின் பலகை தள்ளினால், அவர் வரவில்லை என்பதும் தெரிந்துவிடும். எனக்கே அது தெரிந்து மூன்று நாள்தான் ஆகிறது. ஊருக்கு அதற்குள் எதற்கு?

அப்பா பெரிய ஏரியில் இரும்புத்தாதுக் கப்பலில் வேலை செய்கிறார். ஏரி உறைவதால் ஜனவரி நடுவில், கப்பல்கள் கடந்து போகிற சூ மதகுகளை மூடுவார்கள். கப்பலைத் துறையில் கட்டிவிட்டு வீட்டுக்கு வருவார். மார்ச் முடிவில் மதகு திறக்கும், கிளம்பிவிடுவார். மற்றப் பிள்ளைகளுக்கு அப்பா வருஷம் முழுக்க. எனக்குப் பனி இருக்கும்வரை. பள்ளியிலிருந்து வரும்போது தெருமுனையிலேயே இந்த எந்திரத்தின் சத்தம் கேட்டால் ஓட ஆரம்பிப்பேன். கோடை என்றாலே எனக்குப் பிடிக்காது. வகுப்பில் ஒருமுறை அப்படி எழுதினேன். டீச்சர் சிவப்பு மையால் கேள்விக்குறி போட்டாள்.

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. பட்டமளிப்பு மே மாதம். மே மாதம் அப்பா ஏரியில். "நல்லது. கப்பலில் கேக் வெட்டினோம்" என்று செய்தி அனுப்பியிருந்தார். நான் பார்க்காத கேக்.

மினியாபோலிஸில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. வருஷ விடுமுறை மொத்தத்தையும் சேர்த்துவைத்து, அவர் வீட்டிலிருக்கும் நாள் பார்த்து வந்தேன். வந்து பெட்டியை இறக்கின பிறகுதான் அம்மா சொன்னாள்: "அப்பா இந்தத் தடவ ஸ்டர்ஜன் பே துறைமுகத்துலயே இருக்கார். குளிர் முழுக்கக் கப்பலுக்குக் காவல். சம்பளம் வருதாம்." சொல்லிவிட்டு ஏலக்காய் ரொட்டியை வெட்டப் போய்விட்டாள்.

மூன்று நாளாக அவருக்கு நான் போன் செய்யவில்லை. இப்போது கயிறு சாக்காகக் கிடைத்தது.

"அப்பா, மிஷின் ஸ்டார்ட் ஆகல."

முதல் கேள்வி நான் எப்போது வந்தேன் என்பதில்லை. "எஞ்சின் சுத்துதா, இல்ல கயிறு மட்டும் வருதா?"

"கயிறு மட்டும். லேசா வருது. பட்டம் விடற நூல் மாதிரி."

"திரும்பி உள்ள போகுதா?"

"போகுது."

"அப்போ ஸ்பிரிங் நல்லாருக்கு, கயிறும் நல்லாருக்கு. நீ என்ன பண்ணின?"

"பெட்ரோல் மாத்தினேன். பிளக்கத் துடைச்சேன்."

"கால்ல முள்ளு குத்தினா பல்லு டாக்டர்கிட்டப் போவியா? எஞ்சினே சுத்தாதப்போ பெட்ரோல் என்னடி பண்ணும்?"

"வெர்னாக்கா சொன்னா."

"வெர்னா! அவ அடுப்பு எரியலேன்னாக்கூட பெட்ரோல மாத்தச் சொல்லுவா." சிரித்தார். அந்தச் சிரிப்பு போனிலேயே எனக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். "முன்னாடி வட்டமா ஒரு மூடி இருக்கும் பாரு, கயிறு வர்ற மூடி. போல்ட்டக் கழட்டி அத எடு. கவுத்துவச்சுட்டுக் கயிற இழு. நடுவுல ரெண்டு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். இழுக்கும்போது அது வெளிய துருத்திக்கிட்டு வரணும். அதுதான் போய் எஞ்சினப் புடிக்கும். வருதான்னு பாத்துட்டுக் கூப்பிடு."

வெளியில் கையுறையைக் கழற்றினால் விரல் போல்ட்டோடு ஒட்டிக்கொள்ளும் குளிர். எப்படியோ கழற்றி, மூடியை நெஞ்சோடு அணைத்துச் சமையலறைக்குக் கொண்டுபோனேன். மேஜையில் கவிழ்த்துவைத்து, மேல்கோட்டு, பூட்ஸ் எல்லாம் கழற்றி, கொஞ்சம் காப்பி குடித்துவிட்டுக் கயிற்றை இழுத்தேன். இரண்டு நாக்கும் அழகாக வெளியே வந்தன.

திரும்ப எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வெளியே போய் மூடியைப் பூட்டினேன். முதல் இழுப்புக்கு லேசாக ஒரு பிடி. ஓடவில்லை. போல்ட்டை இறுக்கிவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்தபோது பழைய கதை. பட்டம் விடுகிற நூல்.

வெர்னா ஜன்னலிலிருந்து கை காட்டினாள். நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

இரண்டாம் முறை கழற்றியபோது மூளை வேலை செய்தது. உள்ளே கொண்டுபோகவில்லை. பனியிலேயே உட்கார்ந்து, அங்கேயே கவிழ்த்து இழுத்தேன். நாக்குகள் அசையவில்லை. கையுறையைக் கழற்றி விரலால் நெம்பினேன். நகத்தில் கெட்டியாக ஏதோ அப்பிக்கொண்டது. நீல நிறம். குளிரில் வைத்த வெண்ணெய்போல.

மோந்து பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் மோந்தேன். கப்பலில் கயிறு சுற்றும் உருளைக்குப் பூசுகிற கிரீஸ். ஏரித் தண்ணீர் எவ்வளவு அடித்தாலும் போகாதது. என் சின்ன வயது ஜனவரிகள் எல்லாம் இந்த வாசனைதான். அவர் சட்டையில், கழுத்தில், என்னைத் தூக்குகிற கையில். மதகு திறந்து அவர் போன பிறகும் நாற்காலிக் கைப்பிடியில் ஒரு வாரம் இருக்கும். அம்மா துடைப்பதற்குள் நான் போய் உட்கார்ந்துகொள்வேன்.

பனியில் உட்கார்ந்தபடியே கூப்பிட்டேன்.

"வீட்டுக்குள்ள வச்சா நாக்கு வருது. வெளிய வச்சா வரல."

"உள்ள ஏதாச்சும் பூசியிருக்கா?"

"நீலக் கிரீஸ். அப்பி வச்சிருக்கு. குளிர்ல கல்லாயிடுச்சு."

"அடச்சே." பிறகு, "ஆமா. நாந்தான். கை பழக்கம். கப்பல்ல எது அசைஞ்சாலும் அதுக்குக் கிரீஸ் போடணும். இதுக்குப் போடக்கூடாது. காஞ்சுதான் இருக்கணும். முட்டாப்பய வேல பண்ணியிருக்கேன். பெட்ரோல்ல முக்கி, பழைய பிரஷ் போட்டுத் தேச்சிடு."

"எப்போ போட்டீங்க?"

"என்ன?"

"கிரீஸ் எப்போ போட்டீங்க?"

"மார்ச்ல. கிளம்பறதுக்கு முன்னாடி."

"இத்தன வருஷத்துல இந்த மிஷினுக்கு ஒரு தடவகூட நீங்க கிரீஸ் போட்டதில்ல. தள்ளிட்டுப் போய்க் கொட்டகைல போட்டுட்டுக் கிளம்பிடுவீங்க."

அந்தப் பக்கம் ஏதோ சங்கிலி இரும்பில் மோதுகிற சத்தம். காலிக் கப்பலில் எல்லாமே எதிரொலிக்கும் என்று முன்பு சொல்லியிருக்கிறார்.

இந்தத் தடவை வந்ததிலிருந்து எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. என்னவென்று இப்போதுதான் புரிந்தது. வீட்டில் எந்தக் கதவும் கிறீச்சிடவில்லை. பின்கதவு, நிலவறைக் கதவு, நீராவிக் குளியலுக்கான சானா அறையின் தாழ்ப்பாள், எல்லாம் வழுக்கிக்கொண்டு திறந்தன. கப்பலைக் குளிர்காலத்துக்குக் கட்டிப்போடும்போது அப்படித்தான் செய்வார்கள். ரொம்ப நாள் யாரும் தொடப்போவதில்லை என்று தெரிந்த பொருளுக்குப் பூசுவார்கள்.

"மார்ச்லயே தெரியும் உங்களுக்கு. வரப்போறதில்லன்னு."

"செல்மா."

"எங்களக் கட்டிப் போட்டுட்டுப் போயிருக்கீங்க. கப்பலக் கட்டற மாதிரி."

"அப்படி இல்லடி."

"எப்படின்னு சொல்லுங்க. நான் லீவு முழுசும் சேத்துவச்சு வந்திருக்கேன். எப்படின்னு சொல்லுங்க, கேக்கறேன்."

மூச்சு விடும் சத்தம் கேட்டது. "போன வருஷம் ஒரு நாள் சூப்பு குடிக்க உக்காந்தேன். ஸ்பூன் இல்ல. எந்திரிச்சு ஒரு டிராயரத் திறந்தேன். இல்ல. இன்னொண்ண. அதுலயும் இல்ல. உங்கம்மா வந்து, சாதாரணமாத்தான், ஒண்ணும் சொல்லாம எடுத்துக் குடுத்தா. எடம் மாத்தி ஏழெட்டு மாசம் ஆச்சாம். என் வீட்ல நான் ஸ்பூன் கேட்டு வாங்கறேன். இங்க கப்பல்ல இருட்டுலகூட எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"ஸ்பூனுக்காகவா வரல?"

"உனக்குச் சிரிப்பா இருக்கும்."

"சிரிக்கல. எரியுது. கேட்டா எடுத்துத் தந்துட்டுப் போறோம். அதுல என்ன கொறஞ்சு போச்சு?"

மறுபடி சங்கிலிச் சத்தம். பிறகு மெதுவாக, "பழைய இரும்புக்குப் போடப்போற கப்பலுக்கு யாரும் கிரீஸ் பூச மாட்டாங்கடி" என்றார்.

"அப்போ எப்போ வர்றீங்க?"

"மார்ச் வரைக்கும் இதுல கையெழுத்துப் போட்டிருக்கேன். அப்புறம் கப்பல் கிளம்பிடும். கோடைல லீவு கேக்கலாம்."

"கோடைல நான் இங்க இருக்க மாட்டேன்."

வைத்துவிட்டேன். வைத்த பிறகு கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பக் கூப்பிடவில்லை. அவர் எப்போதும் திரும்பக் கூப்பிட மாட்டார்.

தகர டப்பாவில் பெட்ரோல் ஊற்றி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். நீலம் கரைந்து வந்தது. துணியால் ஈரம் போகத் துடைத்தேன். மூடியைப் பூட்டிக் கயிற்றை இழுத்தபோது கை சட்டென்று நின்றது. உள்ளே ஏதோ என் மணிக்கட்டைப் பிடித்ததுபோல. அடுத்த இழுப்பில் எஞ்சின் இருமியது. அதற்கடுத்ததில் புகையைக் கக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. சனியன் பிடித்த அதே சத்தம். எனக்குத் தெருமுனையிலிருந்து ஓடவேண்டும்போல் இருந்தது. ஆனால் எந்திரத்தின் பின்னால் நின்றவள் நான்தான்.

வெர்னா வாசலுக்கே வந்து கத்தினாள்: "ரெய்னோ வந்துட்டானா?"

"இல்ல. நான்!"

முதலில் பனி ஒதுக்கும் வண்டி கட்டிய சுவரை உடைத்தேன். பிறகு காருக்கு வழி. வெட்டி முடிக்கும்போது அம்மா திரும்பிவிட்டாள். சுவர் இருந்த இடத்தில் காரிலிருந்து இறங்கி, வெட்டிய வழியில் நடந்து வந்தாள். எந்திரத்தை அணைத்தேன்.

"எதுல கோளாறு?"

"கிரீஸ். மார்ச்ல அப்பா போட்டது."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "உனக்குத் தெரியுமாம்மா?"

"கதவெல்லாம் சத்தத்த நிறுத்தினப்பவே தெரியும். இருபத்தாறு வருஷமா எண்ணெய் போடச் சொல்லிக் கேட்டேன். அன்னிக்கு யாரும் கேக்காமலே போட்டார்."

"எங்கிட்ட ஏன் சொல்லல? டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஏன் சொல்லல?"

அம்மா கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவர் இல்லேன்னு சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

எனக்கு வாய் அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்திரத்தின் கைப்பிடியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டேன். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"கறி அடைச்ச பாஸ்டி கொண்டாந்திருக்கேன். ஆறிடும். வா."

"நீ போ. இன்னொரு பக்கமும் வெட்டிட்டு வந்துடறேன்."

"அந்தப் பக்கம் எதுக்கு? நமக்கு ஒரு காருதானே."

"டிரக்கு நிக்க எடம் வேணும்."

டிரக் அப்பாவுடையது. அது ஸ்டர்ஜன் பேயில், துறையோரத்தில், பனிக்கடியில் நின்றுகொண்டிருக்கிறது. அம்மாவுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

"நாளைக்கும் பெய்யுமாம்" என்றாள்.

"பெய்யட்டும். நாளைக்கும் வெட்டறேன்."

கயிற்றை இழுத்தேன். பிடித்தது. அம்மா படியேறி, கதவைச் சத்தமில்லாமல் திறந்து உள்ளே போனாள். நான் எந்திரத்தைத் திருப்பி இரண்டாவது பக்கத்தில் இறக்கினேன். பாதி தூரம் போவதற்குள் அவள் மறுபடி வாசலில் நின்று, எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினாள்:

"ஓரத்த நேரா வெட்டுடி! அவர் பாத்தா ஏசுவார்!"