ஈரல் புள்ளி

பீ-யுன் தன் ஈரலில் பாதியை அண்ணனுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டாள். அண்ணன் குவோ-லியாங்குக்கு ஈரல் சுருங்கி, கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தது. இன்னும் இரண்டு மாதத்தில் வரும் நிலாத் திருநாள் வரை தாங்கினாலே பெரிது என்று கௌஷியுங்கில் பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சொந்தத்தில் ரத்தம் பொருந்தியது இவள் ஒருத்திக்குத்தான்.

மறுநாள் காலை அவளுடைய மாமியார் லோ அம்மா என் சிற்றுண்டிக் கடைக்கு வந்து, முட்டை ரொட்டியை மென்றுகொண்டே ஆரம்பித்தாள்.

"இவ மூஞ்சியப் பாத்தீங்களா? ரெண்டு கன்னத்துலயும் ஈரல் அப்பிக் கெடக்கு. அழுகினதத் தூக்கி அண்ணனுக்குக் குடுப்பாளாம்!"

பீ-யுன் பக்கத்து மேசையில் சோயா பால் குடித்துக்கொண்டிருந்தாள். "குடுப்பேன் அத்தை," என்றாள். தலையைக் கூட நிமிர்த்தவில்லை.

எங்கள் ஊர் பிங்டுங் வெயிலில் இருபது வருஷம் அன்னாசி வெட்டியவளுக்கு முகத்தில் மங்கு வராமல் என்ன செய்யும்? ஆனால் இங்கே மங்குக்குப் பெயரே ஈரல் புள்ளி. பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. கன்னம் கறுத்தால் உள்ளே ஈரல் கெட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். எனக்கும் கன்னத்தில் இருக்கிறது. ஈரலுக்கு நல்லது என்று நானும் பயந்து பயந்து சிப்பி ரசம் குடித்தவள்தான்.

வாயில் வீம்பாகப் பேசினாலும் பீ-யுன் உள்ளுக்குள் அதை நம்பினாள். லோ அம்மா கேட்கும், லைசென்ஸ் இல்லாத கள்ள ரேடியோ நிலையத்தில், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒருவன் ஈரலைக் கழுவும் தூள் விற்பான். மருமகள் முகத்துக்காக அவள் அதை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள். அண்ணனுக்குச் சுத்தமான ஈரலாகக் கொடுக்க வேண்டும் என்று பீ-யுன் யாருக்கும் தெரியாமல் வேளைக்கு இரண்டு பங்கு கரைத்துக் குடித்திருக்கிறாள். என்னிடம் மட்டும் சொன்னாள். நல்லதுதானே என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். என் புத்தி அப்படி.

ரத்தப் பரிசோதனைக்குப் போனாள். ஈரல் கணக்கு தாறுமாறாக ஏறியிருந்தது. இப்போது எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"நான் சொன்னப்ப யாரு கேட்டா?" என்று லோ அம்மா தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

பீ-யுன் அழவில்லை. என் கடைக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றாள். "அக்கா, இந்தப் புள்ளிய எடுத்தா ஈரல் சரியாகுமா? தோல் டாக்டர்ட்ட போறேன், வரீங்களா?"

அடுப்பை அணைத்துவிட்டு அவள் ஸ்கூட்டரில் ஏறினேன்.

டாக்டர் வெய் சின்னப் பெண். விளக்கை வைத்து, பூதக்கண்ணாடி போல ஒன்றை வைத்து, கன்னத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"குழந்தை பெத்தப்புறம் வந்துச்சா?"

"ஆமா. வயலுக்குப் போகப் போக ஜாஸ்தியாச்சு. டாக்டர், என் ஈரல் ரொம்ப அழுகிருச்சா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. "ஈரல் கலர்ல இருக்குன்னு வெச்ச பேருங்க அது. ஈரலுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. வெயில், சூடு, உடம்புல சுரக்குறது, அம்மா வழி, இதெல்லாம் சேந்து வர்றது."

"அப்ப ரத்தத்துல கணக்கு ஏறுனது?"

"என்ன மருந்து சாப்பிடறீங்க?"

"ஒண்ணுமில்ல."

ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் சொல்லியிருக்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. தூள் அவளுக்கு மருந்தே இல்லை, சத்து. எனக்குத்தான் அப்போது சுருக்கென்றது.

"அந்த ரேடியோ தூளு?" என்றேன்.

டாக்டர் விளக்கை அணைத்தாள். சிரிப்பு போய்விட்டது. "எத்தன நாளா? எவ்வளவு?" எல்லாவற்றையும் கேட்டு எழுதிக் கையில் கொடுத்தாள். "ஈரலக் கெடுத்திருந்தா அது அந்தத் தூளாத்தான் இருக்கும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லுங்க. புள்ளிக்கு அவசரமில்ல. பெரிய லேசர் வெச்சுச் சுட்டா இன்னும் கறுக்கும். தொப்பி, முகத்துணி, வெயிலுக்குப் பூசற களிம்பு. ஜன்னல் வெளிச்சம் கூட ஆகாது. ஒரு வருஷம் விடாமப் பண்ணணும்."

"ஒரு வருஷம்தானா? இருபது வருஷம் அன்னாசி வெட்டினவ நான்," என்றாள் பீ-யுன்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் தூள் டப்பாவை மேசையில் வைத்தாள். நிறுத்துங்கள், வாராவாரம் ரத்தம் பார்ப்போம், இறங்கினால் யோசிக்கலாம் என்றார்கள். வீட்டில் மீதி டப்பாக்களைச் சாக்கடையில் கொட்டினாள்.

"என்னடி பண்றே! சீனாக்காரன் மூலிகைடீ அது!"

"இனிமே இந்த வீட்டுல நான் சோறும் தண்ணியும்தான் சாப்பிடுவேன், அத்தை. உங்களுக்கு வேணும்னா அந்த ரேடியோக்காரனக் கூப்பிட்டு அண்ணனுக்கு ஈரல் குடுக்கச் சொல்லுங்க."

முதல் வாரம் கொஞ்சம்தான் இறங்கியது. இரண்டாம் வாரம் அசையவே இல்லை. அண்ணன் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. பீ-யுன் வயலுக்கும் போனாள், ஆஸ்பத்திரிக்கும் போனாள். ஐந்தாவது வாரம் கணக்கு சரியாக வந்தது.

ஆபரேஷனுக்கு முன் ஆஸ்பத்திரிப் பெண் ஒருத்தி அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டாளாம். "உங்கள யாராவது கட்டாயப்படுத்தறாங்களா?"

"ஆமா, குடுக்கக் கூடாதுன்னு," என்றாளாம் இவள்.

ஆபரேஷன் முடிந்து எட்டாம் நாள் நான் பார்க்கப் போனேன். அண்ணன் கண்ணில் மஞ்சள் வெளுத்து வெள்ளை தெரிந்தது. அடுத்த அறையில் பீ-யுன் படுத்திருந்தாள், வயிற்றில் பெரிய கட்டு. கட்டில் காலடியில் லோ அம்மா நின்று மருமகளை முறைத்துப் பார்த்தாள்.

"பாதி ஈரலையே எடுத்துட்டாங்க. மூஞ்சில மட்டும் அப்படியே இருக்கே?"

"அது வெயிலு, அத்தை. அந்தத் திரையக் கொஞ்சம் இழுத்து விடுங்க."

லோ அம்மா முணுமுணுத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் போனாள்.