ஒரு கிலோமீட்டர் கோடு

பங்காரு காலையில் வரைபடத்தை மேசை முழுக்க விரித்து வைத்திருந்தார். தோசைத் தட்டை வைக்க இடமில்லாமல் நின்ற அவர் மனைவி கனகம், "ஏனுங்க, கண்ணாடி போட்டா கெழவனாயிருவீங்கன்னு மேசையத்தனை மேப்புங்களா?" என்றாள். போத்தனூரில் ரெண்டு மடங்கு பெரிசாக ஜெராக்ஸ் எடுத்தது என்று அவர் பெருமையடித்தார். ஆனைமலை அடிவாரத்தில் அவர்கள் தோப்புக்கு வரும் ஓடையில் தண்ணீர் குறைந்திருந்தது. மேலே எங்கே அடைத்திருக்கிறது என்று பார்த்துவரத் தனியாகக் கிளம்பிப் போனார்.

மதியம் போன் வந்தது. பாறையில் வழுக்கிக் கால் முறிந்து, ஓடைக்குள்ளேயே கிடக்கிறாராம், நகர முடியவில்லையாம். "தடுப்பணையிலிருந்து ரெண்டு கிலோமீட்டர்னு வாட்ச் காட்டுது, அம்மணி. வம்சிய அனுப்பு." அதோடு போன் அறுந்தது. மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை இறங்கினால் ஓடையில் வெள்ளம்தான்.

கனகத்தின் தம்பி வம்சி தோப்பிலிருந்து ஓடி வந்தான். வரைபடம் மேசையிலேயே கிடந்தது. அதன் மூலையில் 1:50,000 என்று இருந்தது. தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் அரைக் கிலோமீட்டர். ரெண்டு கிலோமீட்டருக்கு நாலு சென்டிமீட்டர். தடுப்பணையிலிருந்து ஸ்கேலை வைத்து அளந்தான். ஓடை இடப்பக்கம் திரும்பும் இடம் வந்தது. அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, கயிறும் ஆட்களுமாக ஓடினான்.

அங்கே போய் அக்காவைப் போனில் கூப்பிட்டான். மாமா இல்லை, கத்தினாலும் பதிலில்லை, ரெண்டு கரையிலும் தேடுகிறோம் என்றான்.

கனகம் தாளையே பார்த்தபடி நின்றாள். அடியில் ஒரு கோடு. அதன்மேல் ஒரு கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. அப்படியென்றால் ரெண்டு சென்டிமீட்டர்தானே இருக்க வேண்டும்? ஸ்கேலை வைத்தாள். நாலு. திரும்ப வைத்தாள். நாலுதான். ஜெராக்ஸில் மலை பெருத்திருக்கிறது, ஓடை பெருத்திருக்கிறது, கோடும் கூடவே பெருத்திருக்கிறது. மூலையிலிருந்த கணக்கு மட்டும் பழைய தாளுக்கானது.

வம்சி போனை எடுக்கவில்லை. தகரக் கூரையில் தூறல் விழுந்தது. விடாமல் அடித்தபிறகு எடுத்தான்.

"கண்ணு, நீ நிக்கிறது ஒரு கிலோமீட்டர்லதான். இன்னும் அத்தனை தூரம் மேல போ."

"அளந்துதானுங்கக்கா வந்தேன்."

"மேப்பு பெருசு பண்ணுனதுடா. ஓடு."

அவர்களுக்கு முன்னால் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. பொழுது சாய்கிற நேரத்தில், அவர் சொன்ன இடத்துக்குச் சற்றுக் கீழே பாறையிடுக்கிலிருந்து பங்காருவின் உடலை எடுத்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபின் வம்சி அந்தத் தாளைக் கிழித்துப்போடப் பார்த்தான். கனகம் விடவில்லை. அது மேசைமேல்தான் கிடக்கிறது. கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி பெரிசாக, மூலையில் 1:50,000 என்றே இருக்கிறது.